கம்பியூட்டரா, கொமர்ஸா? வணிகத் தகவல் முறைமைப் பட்டம் படித்தவருக்கு எங்கே வேலை?

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாட்களில் எங்கள் வீட்டு விறாந்தை ஒரு சின்ன ஆலோசனை நிலையமாக மாறிவிடும். நான் பல்கலைக்கழகம் போனவன் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, சாதாரண தர வகுப்புகளுக்கு வணிகக் கல்வியும் கணக்கீடும் கற்பித்து வருபவன். ஆனாலும் பழைய மாணவர்களின் வாப்பாமார் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். எனக்கும் வேறு வழியில்லை. என்னிடம் படித்து இப்போது கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு நானும் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக வந்தவர் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். மகள் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு. அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "சேர், மகள் வணிகத் தகவல் முறைமை எண்டு ஒண்டத்தான் முதலாவதாப் போடப் போறாளாம். இது கம்பியூட்டரா, கொமர்ஸா? படிச்சி முடிச்சா யாருக்கிட்ட வேலைக்குப் போற? டீச்சிங்காவது கிடைக்கிமா?"

இந்த மூன்று கேள்விகளையும் வருடா வருடம் பல வீடுகளில் கேட்கிறார்கள். சரியான பதில் கிடைக்காததால் பிள்ளைகள் தங்களுக்குப் பொருந்தாத பாடநெறிக்குப் போகிறார்கள். அதைவிட மோசம், பொருந்திய பாடநெறிக்குப் போயும் அது எதற்கென்று தெரியாமலே நான்கு வருடத்தை முடிக்கிறார்கள். ஆகவே அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்தில் இது வணிகத் தகவல் முறைமைகள். நமது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் களனியிலும் முகாமைத்துவமும் தகவல் தொழினுட்பமும் என்ற பெயரில் நடக்கிறது. மொறட்டுவையில் தகவல் தொழினுட்பமும் முகாமைத்துவமும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் தகவல் முறைமைகள். இவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆனால் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. சில இடத்தில் நிரலாக்கம் கூட, சில இடத்தில் முகாமைத்துவம் கூட. அனுமதிக்கான பாடத் தகைமையும் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். அதை அந்தந்த வருடக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு மகனிடம் கேட்டு அல்ல. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் பீடத்தின் இணையத்தளத்துக்குப் போய் நான்கு வருடப் பாட அட்டவணையை ஒரு தடவை வாசியுங்கள். தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வு, கணக்கீடு, புள்ளிவிபரவியல், செயற்றிட்ட முகாமைத்துவம் ஆகியவை கலந்து இருக்கும். எது எவ்வளவு கூட என்பது அப்போது தெரியும்.

இனி, இது எதற்கான படிப்பு? வந்தவருடைய கடையையே உதாரணமாக எடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் அவர் கொழும்பிலிருந்து ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கினார். கணிசமான காசு கொடுத்துத்தான் வாங்கினார். இன்று அந்த இயந்திரம் பற்றுச்சீட்டு அடிப்பதற்கு மட்டும் பயன்படுகிறது. இருப்பும் கடனும் பழையபடி கொப்பியில். ஏன் என்று கேட்டால் "அது நம்மட கடைக்கிச் சரிவரல்ல சேர்" என்பார். அந்த 'சரிவராத' இடம் எது என்பதுதான் இந்தப் பட்டத்தின் முழுப் பாடமும்.

கட்டடக் கம்பியை அவர் நிறைக் கணக்கில் வாங்குகிறார், துண்டுக் கணக்கில் விற்கிறார். கூரைத் தகட்டை அடிக் கணக்கில் விற்கிறார். மென்பொருளில் ஒரு பொருளுக்கு ஓர் அலகுதான் போடலாம். ஆகவே மாதக் கடைசியில் கம்பியின் இருப்பு மறை எண்ணில் நிற்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

காசோலை விசயம் இதைவிடச் சிக்கல். ஒரு கொந்தராத்துக்காரர் சீமெந்தும் கம்பியும் எடுத்துவிட்டு, தனக்கு வேறு ஒருவர் தந்த செக்கை நாற்பத்தைந்து நாள் தள்ளிய திகதியோடு கொடுக்கிறார். நம்மவர் அதை வங்கியில் போடுவதில்லை. கொழும்பு மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய காசுக்காக அந்தச் செக்கையே அவரிடம் கொடுத்துவிடுகிறார். நாற்பத்தைந்தாம் நாள் செக் திரும்புகிறது. இப்போது மொத்த வியாபாரிக்குக் கடன்காரர் யார்? கொந்தராத்துக்காரரின் கணக்கு ஏற்கனவே தீர்ந்துவிட்டதாக இயந்திரம் சொல்கிறது. செக்கின் சொந்தக்காரர் நம் கணக்கிலேயே இல்லை. கொழும்பு முதலாளி ஃபோன் எடுத்துக் கத்துகிறார். மென்பொருளை எழுதிய தம்பிக்கு விற்பனை என்றால் இரண்டு வகைதான் தெரியும், காசு அல்லது கடன். கல்முனைக் கடைத்தெருவிலும் புறக்கோட்டையிலும் செக் எப்படிக் கைமாறுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரருக்கோ அது மூச்சு விடுவது போன்ற வழக்கம், தனியாகச் சொல்ல வேண்டிய விசயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எது வழமை, எது விதிவிலக்கு என்று கேட்டு, அதை மென்பொருள் எழுதுபவருக்கு விளங்கும் வடிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி வந்ததை உண்மையான பில்களைப் போட்டுச் சோதிக்க வேண்டும். கடைசியாக, கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அதைப் பழக்கிக் கொடுத்து, இரண்டு மாதம் அவன் திட்டுவதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலைகளுக்குத் தொழில் உலகில் வேறு வேறு பெயர்கள். கேட்டு எழுதுபவர் பிஸ்னஸ் அனலிஸ்ட். சோதிப்பவர் கியூ.ஏ. பொருத்திப் பழக்கிக் கொடுப்பவர் இம்பிளிமென்டேஷன் கன்சல்டன்ட். வணிகத் தகவல் முறைமை படித்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று வாசல்களில் ஒன்றால்தான் உள்ளே போகிறார்கள்.

ஆகவே முதலாவது கேள்விக்குப் பதில், இது கம்பியூட்டரும் இல்லை, கொமர்ஸும் இல்லை. ஒரு வியாபாரம் எப்படி ஓடுகிறது என்பதை இயந்திரத்துக்கு விளங்கப்படுத்துகிற படிப்பு.

இரண்டாவது கேள்வி, யாரிடம் வேலைக்குப் போவது?

கொழும்பில் மென்பொருள் கம்பனிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2005இல் இலங்கையில் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2, சுவீடனைச் சேர்ந்த ஐ.எஃப்.எஸ்., 2009இல் லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் வாங்கிய மிலேனியம் ஐ.டி. போன்றவை. இங்கெல்லாம் வேலை என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் நினைத்துப் பயப்படுகிறார்கள். நிரல் எழுதுபவர்களோடு அனலிஸ்டும் கியூ.ஏ.யும் சேர்ந்ததுதான் ஒரு குழு.

ஆனால் நான் பெற்றோரிடம் கூடுதலாகச் சொல்வது மென்பொருள் கம்பனி அல்லாத இடங்களைப் பற்றி. ஆடைத் தொழிற்சாலை ஒன்றை எடுங்கள். ஒரு சட்டைக்குத் துணி ஒரு நாட்டிலிருந்து, பொத்தான் இன்னொரு நாட்டிலிருந்து, நூல் உள்ளூரில். இதில் ஒன்று இரண்டு நாள் பிந்தினாலும் கப்பல் தவறிவிடும், பிறகு விமானத்தில் அனுப்பி இலாபத்தை இழக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே முறைமையில் பார்க்கத்தான் எஸ்.ஏ.பி. போன்ற ஈ.ஆர்.பி. மென்பொருள்களைப் பெரிய குழுமங்கள் வைத்திருக்கின்றன. கொள்வனவுக் கட்டளை போட்டதிலிருந்து விநியோகத்தருக்குப் பணம் போகும் வரை ஒரு பொருள் எத்தனை கை மாறுகிறது என்று தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்படியான இடத்தில்தான் பயிற்சிக்குப் போனாள். முதல் இரண்டு மாதமும் களஞ்சியத்தில் நின்று துணிச் சுருள் எண்ணியதுதான் வேலை. "இதுக்கா சேர் பட்டம் படிச்சன்" என்று அழுதாள். பிறகு களஞ்சியத்துக்கான புதிய பகுதியை முறைமையில் போடும்போது, துணிச் சுருள் எப்படி வருகிறது, எங்கே நிறம் மாறிக் கலக்கிறது என்று தெரிந்திருந்த ஒரே பயிற்சியாளர் அவள்தான். அங்கேயே நிரந்தரமானாள்.

வங்கி, காப்புறுதி, சுப்பர் மார்க்கெட், வைத்தியசாலைக் குழுமங்கள், கப்பல் முகவர் நிலையங்கள் எல்லாவற்றிலும் இதே போன்ற இருக்கைகள் இருக்கின்றன. வங்கிகளில் முறைமைக் கணக்காய்வு என்று ஒன்று உண்டு. கணக்கு சரியா என்பதோடு, அந்தக் கணக்கை வைத்திருக்கும் இயந்திரத்தில் யார் எதைத் திறக்கலாம், யார் எதை மாற்றலாம் என்று பார்ப்பது. இதற்கு சி.ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேசத் தகைமை மதிக்கப்படுகிறது. பரீட்சையை முதலில் எழுதிவிடலாம், சான்றிதழுக்கு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2022இல் நிறைவேறிவிட்டது, ஆகவே வாடிக்கையாளரின் தரவை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இனி இந்த வகை ஆட்கள் இல்லாமல் முடியாது. வட்டியோடு சம்பந்தப்பட்ட இடத்தில் வேலை வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, 2011 முதல் இயங்கும் அமானா வங்கி ஒரு தெரிவு. அதோடு, மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவை வங்கியே அல்ல என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். 'கணக்குப் படிப்பு என்றால் வங்கி' என்ற எண்ணத்தால் தயங்கிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

பிக்மீ பற்றியும் சொல்ல வேண்டும். ஜிஃப்ரி சுல்பர் 2015இல் அதை ஆரம்பித்தார், 2024இல் அந்தக் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நம் பிள்ளைகள் அதை ஒரு 'ஆப்' என்கிறார்கள். முச்சக்கர வண்டிக்காரரிடம் பேரம் பேசி அலுத்த ஊரில், கிலோமீட்டருக்கு எவ்வளவு, மழை நேரத்தில் எவ்வளவு, பயணி வராவிட்டால் யார் பொறுப்பு, சாரதிக்கு எப்போது காசு போய்ச் சேரும் என்ற விதிகளின் தொகுப்புதான் அது. ஒவ்வொரு விதியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். கம்பியூட்டருக்கு அந்த யோசனை வராது.

அடுத்து வரி. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. அதோடு, பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாக இறங்கியது. 60 மில்லியன் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். 365 ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு இலட்சத்து அறுபத்தைந்தாயிரம். நல்ல இடத்தில் இருக்கும் ஹார்ட்வெயார் கடைக்கும் மொத்தப் பலசரக்குக் கடைக்கும் இது எட்டாத தொகை அல்ல. அதாவது நேற்று வரை கொப்பியில் ஓடிய கடைகளுக்கு ஒழுங்கான முறைமை வேண்டும். இதைச் சொன்னதும் வந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வளைகுடாவை விட்டுவிட்டு நம் சமூகத்தின் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நம்மவர்கள் போகிறார்கள். சாரதியாக, களஞ்சியக் காப்பாளராக, விற்பனையாளராக. அங்கே நிலைமை மாறிவிட்டது. சவூதியும் ஐக்கிய அரபு அமீரகமும் 2018இல் 5 சதவீத வற் வரியைக் கொண்டுவந்தன. சவூதி அதை 2020 ஜூலையில் 15 ஆக்கியது. 2021 டிசம்பர் 4 முதல் அங்கே வரிக்குப் பதிவான வியாபாரங்கள் கையால் எழுதிய பில் கொடுக்க முடியாது, மின்னணுப் பில் கட்டாயம். 2023 தொடக்கம் அந்தப் பில்களை வரி அதிகாரசபையின் முறைமையோடு நேரடியாக இணைக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக வியாபாரங்களை உள்ளே எடுக்கிறார்கள். இதன் கருத்து என்ன? ரியாதில் ஒரு நடுத்தர உதிரிப்பாகக் கடைக்குக் கூட ஒழுங்கான முறைமையும் அதைப் பொருத்தித் தர ஓர் ஆளும் தேவை. அங்கே களஞ்சியக் காப்பாளராகப் போகிறவருக்கும், அந்தக் களஞ்சியத்தின் முறைமையைப் பொருத்தப் போகிறவருக்கும் உள்ள சம்பள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. விசா வகையே வேறு, குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா என்பதே அதில்தான் இருக்கிறது. இன்னொரு சின்ன விசயம், அந்தப் பில் அரபியில் இருக்க வேண்டும். குர்ஆன் மத்ரஸாவில் எழுத்துக்கூட்டப் பழகிய நம் பிள்ளைக்குப் பொருள் தெரியாவிட்டாலும் எழுத்து அந்நியமில்லை. ஆறு மாதம் மொழியாகப் படித்தால் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று கையில் இருக்கும். இதை யாரும் பயன்படுத்துவதாக நான் காணவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் டியூட்டரி விளம்பரக்காரன் ஆகிவிடுவேன்.

இந்தப் பட்டத்தின் பெரிய ஆபத்து ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றுவிடுவது. நிரல் எழுதுவதில் கணினி விஞ்ஞானம் படித்தவரை மிஞ்ச முடியாது. கணக்கில் சீமா முடித்தவரை மிஞ்ச முடியாது. நேர்முகப் பரீட்சையில் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்லும் பிள்ளைக்கு வேலை கிடையாது. இரண்டாம் வருடம் முடியும்போதே எந்த வாசல் என்று ஓரளவு தீர்மானிக்க வேண்டும். சோதனைப் பக்கம் என்றால் ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைச் சான்றிதழ். அனலிஸ்ட் பக்கம் என்றால் வேலை அனுபவம் கேட்காத ஈ.சி.பி.ஏ. இருக்கிறது. தரவுப் பக்கம் என்றால் சான்றிதழுக்கு முன்னர் எக்செல், எஸ்.கியூ.எல்., பவர் பி.ஐ. மூன்றிலும் உண்மையாகவே கை பழகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்த சான்றிதழ் கட்டைவிட, ஓர் உண்மையான கடையின் ஒரு வருட விற்பனையை எடுத்து ஆராய்ந்து வைத்திருக்கும் பிள்ளையோடு நேர்முகக் குழு கூடுதல் நேரம் பேசும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஆரம்ப நிலை வேலைகள் சில சுருங்கி வருகின்றன என்று என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்திப் பார்க்கும் சோதனை, கூட்டக் குறிப்பு எழுதுதல், வழமையான அறிக்கை தயாரித்தல் இவற்றை இயந்திரமே செய்கிறது. நம்பத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைமாறிய செக்கின் கதையை இயந்திரத்துக்கு யார் சொல்வது? கடைக்காரரே சொல்ல மாட்டார், கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் வரும். இந்தப் பட்டத்தில் நிலைக்கப் போவது அந்தக் கேட்கும் திறமைதான் என்பது என் எண்ணம்.

கேட்பது என்றதும் மொழி வருகிறது. பாடநெறி ஆங்கிலத்தில் என்பது தெரிந்ததே. நாம் மறப்பது சிங்களத்தை. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதலாம். களஞ்சியக்காரரும் தையல் இயந்திரத்தில் இருக்கும் அக்காவும் காசாளரும் பேசுவது சிங்களத்தில். என் மாணவன் ஒருவன் சொன்னான், "எஸ்.கியூ.எல். மூணு மாசத்தில வந்திச்சி சேர், சிங்களம் வர ஒரு வருசம் போச்சி." கிழக்கிலே தமிழ் மட்டும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் அந்த நீண்ட மாதங்களில் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. நாம் அந்த மாதங்களில் அவர்களைத் திரும்பவும் ஒரு கம்பியூட்டர் டிப்ளோமாவுக்கு அனுப்புகிறோம்.

பயிற்சிக் காலம் பற்றி ஒரு வார்த்தை. கடைசி வருடங்களில் நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற வேண்டும். நம் பிள்ளைகள் பலர், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோர், ஊரிலேயே தெரிந்தவரின் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி முடித்துவிடப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் ஃபோட்டோகொப்பி அடித்துவிட்டு வருவார்கள். பட்டம் முடிந்தபின் நல்ல வேலைகளில் பெரும்பகுதி பயிற்சி எடுத்த இடத்திலிருந்தோ, அங்கே பழகியவர் மூலமோதான் வருகிறது. நான்கு வருடப் படிப்பின் பெறுமதியை அந்த ஆறு மாதத்தில் தொலைக்கிறோம். பெண்பிள்ளையைக் கொழும்பில் தங்க வைப்பது இலேசான முடிவு அல்ல, எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் பயிற்சிக்கு மட்டும் துணிந்து, இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து நம்பிக்கையான இடத்தில் தங்கவைத்த பெற்றோரை எனக்குத் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் கிழமையில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விடுகிறார்கள். திருமணமாகி கல்முனைப் பக்கம் திரும்பிய என் மாணவி ஒருத்தி இப்போதும் கொழும்புக் கம்பனியின் சம்பளத்தில் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். அந்தச் சலுகையைப் புதிதாக வருபவருக்கு யாரும் கொடுப்பதில்லை. முதல் இரண்டு வருடம் நேரில் போய் நம்பிக்கையைச் சம்பாதித்தவருக்குத்தான் கிடைக்கிறது.

மூன்றாவது கேள்வி, டீச்சிங்.

இதில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரலாம், ஓய்வூதியம் உண்டு, மதிப்பு உண்டு. நான் குறை சொல்ல மாட்டேன். தகவல் தொழினுட்பம் கற்பிக்கப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள்தான். இலங்கை தகவல் தொடர்பாடல் தொழினுட்ப சேவைக்குப் போட்டிப் பரீட்சையும் உண்டு, அது இந்தப் பட்டதாரிகள் தவறவிடக் கூடாத ஒன்று. அது ஒரு பரீட்சை என்பதால் எழுதலாம், சித்தியடைந்தால் போகலாம். பிரச்சினை பரீட்சையில் இல்லை, பட்டியலுக்குக் காத்திருப்பதில்தான். இதே வகைப் பட்டம் முடித்த ஒரு பிள்ளை, நல்ல கெட்டிக்காரன், "அரசாங்கம் எப்படியும் எடுக்கும்" என்ற வீட்டாரின் பேச்சைக் கேட்டு மூன்று வருடம் ஊரிலேயே இருந்தான். 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது அவனுக்கும் கிடைத்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. ஓர் அலுவலகத்தில் கையால் படிவம் நிரப்பும் வேலை. அந்த மூன்று வருடத்தில் அவன் படித்த மென்பொருள்கள் இரண்டு தலைமுறை மாறிவிட்டன. பிறகு வெளியே விண்ணப்பித்தபோது கேட்ட முதல் கேள்வி, பட்டம் முடிந்து இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்பது. அரசாங்க வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் சும்மா இருக்கும் ஒவ்வொரு வருடமும் பட்டத்தின் பெறுமதியைத் தின்கிறது, மருத்துவத்துக்கோ சட்டத்துக்கோ இல்லாத அவசரம் இதற்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

வெட்டுப்புள்ளியில் தவறிய பிள்ளைகளுக்கும் வழி அடைபடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு, ஆனால் தானாகப் படிக்கும் மனம் வேண்டும். தனியார் பட்டத்துக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது, வட்டியை அரசு ஏற்கிறது. எந்தப் பாடநெறிகள் அதில் அடங்குகின்றன என்பதை அறிவித்தல் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விசயத்தில் கவனம். என் உறவினர் ஒருவர் தன் காணித் துண்டை விற்று, கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு 'கெம்பஸ்'ஸில் மகனைச் சேர்த்தார். முடிவில் வந்த பட்டத்தைக் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே அங்கீகாரமே இல்லை என்று அரச விண்ணப்பம் ஒன்றை நிரப்பும்போதுதான் தெரிந்தது. காசு கட்டுவதற்கு முன்னர், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். கட்டடத்தின் பெயரை அல்ல, பட்டம் வழங்குவது யார் என்பதை.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த மகள் கடைசியில் ஒன்று கேட்டாள். "சேர், ட்ரெயினிங்க வாப்பாட கடையிலேயே செய்யேலாதா?"

வேண்டாம் மகள் என்றேன். விடுமுறைக்கு வரும் போதெல்லாம் அந்தக் கடையில் உட்கார்ந்து கம்பிக் கணக்கையும் செக் கணக்கையும் ஒழுங்காக எழுதிப் பழகட்டும், இறுதி வருட ஆய்வுக்குக் கூட அது உதவும். பயிற்சிக்கு அறிமுகமில்லாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும். தெரியாத ஆளிடம் தெரியாத தொழிலைப் பற்றிக் கேட்டு எழுதத்தான் இந்தப் பட்டம், சொந்த வாப்பாவிடம் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

அவர் எழும்பும்போது, ஜயவர்தனபுரவில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே தங்கியிருந்தார்கள் என்று கேட்டார். துணிச் சுருள் எண்ணிய அந்தப் பிள்ளையின் உம்மாவுடைய தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.